காணாத கல் சல்லியாகும்!



கல்வியின் பொருட்டும் பணியின் பொருட்டும் ஐரோப்பிய நகரங்களுக்குச் சென்றுள்ள நம் இளைஞர்கள் பனிக்கால விடுமுறையை எவ்வாறு கழிக்கின்றனர் என்பதைக் கேட்டறிந்தால் வியப்பும் மகிழ்வும் ஒருங்கே தோன்றும். கையிலிருக்கும் பணமோ சிறிது. நகரத்தின் விலைவாசியோ பெரிது. ஆகவே நண்பர் இருவர் கூடுகின்றனர். ஓர் அறையை எடுத்து வாடகையைச் சரிபாதியாகப் பங்கிட்டுக் கொள்கின்றனர். உணவகத்தின் வாயிலை மிதியாமல், கடையில் வாங்கிய ரொட்டியையும் பழத்தையும் பையிலிட்டுக்கொண்டு காலையிலேயே புறப்பட்டு விடுகின்றனர். வண்டிக்குக் கொடுக்கும் காசை மிச்சப்படுத்தக் கால்நடையாகவே நகரத்தைச் சுற்றுகின்றனர். மார்கழியில் இலண்டன் மாநகரத்தில் மாலை நான்கு மணிக்கெல்லாம் கதிரவன் மறைந்து விடுவான். எலும்பைத் துளைக்கும் அக்குளிரில், கட்டணமின்றித் திறந்திருக்கும் பிரித்தானிய அருங்காட்சியகத்துள் நுழைந்து, எகிப்து நாட்டு இரொசெட்டாக் கல்லின் முன்னே அசையாமல் நிற்கின்றனர். அக்கல்லில் மூவகை எழுத்துகள் உள்ளனவென்றும், அவற்றை ஒப்பிட்டே பழைய எகிப்திய எழுத்தின் பூட்டைத் திறந்தனரென்றும் ஊருக்கு எழுதுகின்றனர்.

இதனைப் பழித்துரைக்க நான் எழுதுகோல் எடுக்கவில்லை. பாராட்டவே எடுத்தேன். சிக்கனம், நட்பு, காணும் வேட்கை ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடுவது அரிது. அவை கூடிய இடத்தில் செல்வம் இல்லாமையும் குளிரும் தடையாக நிற்பதில்லை என்பதை அவ்விளைஞர்கள் மெய்ப்பித்துக் காட்டியுள்ளனர். என் வினா ஒன்றே ஒன்றுதான். எகிப்துக் கல்லின் முன்னே அரைமணி நேரம் நிற்கும் அதே தமிழ் இளைஞன், தான் பிறந்த மாவட்டத்துப் பாறையொன்றில் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாக நிற்கும் தமிழ் எழுத்தின் முன்னே எத்துணை நேரம் நின்றிருக்கின்றான்?

இவ்வினாவிற்கு இரண்டு விடைகள் சொல்லப்படுகின்றன. ஒன்று, 'இங்குக் காண என்ன இருக்கின்றது?' என்பது. மற்றொன்று, 'உள்ளூர்ப் பொருள்தானே, என்றாவது கண்டு கொள்ளலாம்' என்பது. முதல் விடை அறியாமை. இரண்டாவது விடை அதனினும் கேடானது. அறியாமை சொன்னால் நீங்கும். 'என்றாவது' என்பவனுக்கு அந்த 'என்றாவது' வருவதற்குள் கல் போய்விடும்.

பொருளைக் கண்டு காப்பவனே அதற்குப் பெயரிடும் உரிமையையும் பெறுகின்றான் என்பதற்கு ஐரோப்பிய நகரமொன்றே சான்று. ஆலந்து நாட்டில் இலெய்டன் என்றொரு பல்கலைக்கழக நகரம் உண்டு. நாகப்பட்டினத்துப் புத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை முதலாம் இராசராசன் கொடையளித்ததைக் கூறும் செப்பேடுகள் கடல் கடந்து அந்நகரத்திற்குச் சென்று சேர்ந்தன. பெரிய தொகுதியில் 21 ஏடுகள். அவற்றைக் கோத்த வளையத்தில் இராசேந்திரனின் முத்திரை. முதலாம் குலோத்துங்கன் காலத்துச் சிறிய தொகுதியில் 3 ஏடுகள். ஆனைமங்கலச் செப்பேடுகள் என்று நம் ஊரின் பெயரால் வழங்க வேண்டிய அவை, நெடுங்காலம் காக்கப்பட்ட நகரத்தின் பெயரால் 'இலெய்டன் செப்பேடுகள்' என்றே உலகெங்கும் வழங்கலாயின. நம் பாடநூல்களும் அப்பெயரையே எழுதின. ஆலந்துக்காரன் செப்பேட்டைக் காத்தான். பெயரும் அவன் ஊருக்கு வாய்த்தது. அவனை நோவதால் என்ன பயன்? நம் கையில் எஞ்சியவற்றை நாம் என்ன செய்கின்றோம் என்பதே கேள்வி.

எஞ்சியவை எத்துணை என்பதற்குப் புதுக்கோட்டை மாவட்டம் ஒன்றே போதும். தொண்டைமான் அரசாக இருந்து, 1948 மார்ச்சுத் திங்களில் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து, 1974-ஆம் ஆண்டு சனவரி 14 அன்று தனி மாவட்டமாக உருப்பெற்ற சிறுநிலம் இது. மழைமறைவான செம்மண்ணும் கற்றரையும் மிகுந்த நாடு. ஆயினும் இந்நிலத்துக் கல்வெட்டுகளின் வாசகங்களை அன்றைய புதுக்கோட்டை அரசு 1929-இல் தொகுத்து அச்சிட்டபோது அவை ஆயிரத்தைத் தாண்டின! வயலில் விளையாத நாட்டில் பாறையில் வரலாறு விளைந்திருக்கின்றது.

சென்ற சிலைத் திங்களில் (மார்கழி) நானும் என் கெழுதகை நண்பர் ஒருவரும் இரண்டு நாள் இந்நாட்டைச் சுற்றி வந்தோம். நண்பர் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழி எழுத்தையும் வட்டெழுத்தையும் தாமே முயன்று கற்றவர். இரவு தங்கியது அவருடைய உறவினர் வீட்டில். காலையில் கட்டிய புளிச்சோறே நண்பகல் உணவு. செலவு முழுதும் நகரப் பேருந்துக்கும் நுழைவுச் சீட்டுக்கும் தேநீருக்குமே. இருவருக்கும் இரண்டு நாளைக்கும் சேர்த்து ஆயிரம் உருபாவைத் தாண்டவில்லை. முன்பனிப் பருவமே இச்செலவுக்கு உரிய பருவம். முதுவேனிலில் இப்பாறைகளின் மேல் கால்வைக்க இயலாது. கார்த்திகை மழை ஓய்ந்த பின்னர்க் கண்மாய்கள் நிறைந்திருக்கும், சுனைகள் தெளிந்திருக்கும், பாறையும் உச்சிவேளை வரை குளிர்ந்திருக்கும். ஐரோப்பாவில் பனிக்காலம் காண்போனை வருத்தும். இங்கே அது காண்போனுக்குத் துணை நிற்கும்.

முதலில் சித்தன்னவாசல் சென்றோம். புதுக்கோட்டையிலிருந்து 16 கி.மீ. தொலைவு. குன்றின் மேலேறி மறுபக்கச் சரிவில் இறங்கினால் ஏழடிப்பாட்டம் என்னும் குகைத்தளம். பாறையில் வெட்டிய ஏழு படிக்குழிகளால் அப்பெயர் பெற்றது. உள்ளே வழவழப்பாக இழைக்கப்பட்ட 17 கற்படுக்கைகள். தலைவைக்கத் திண்டும் கல்லிலேயே உண்டு. அவற்றுள் ஒன்றில் தமிழி எழுத்தில் ஒரு செய்தி. எருமை நாட்டுக் குமுழூரில் பிறந்த துறவி ஒருவர்க்கு இளையர் என்பார் செய்து கொடுத்த இருக்கை இது என்பதே அதன் பொருள். நண்பர் விரலால் தொடாமல் ஒவ்வோர் எழுத்தாகச் சுட்டிப் படித்தார். எருமை நாடு என்பது இற்றை மைசூர்ப் பகுதி என்பர் அறிஞர். எங்கோ பிறந்த ஒருவர்க்கு இம்மண்ணில் பிறந்த ஒருவர் படுக்க இடம் வெட்டிக் கொடுத்து, அதனைத் தமிழில் எழுதியும் வைத்தார். விருந்தோம்பல் என்று நாம் மேடைதோறும் முழங்குகின்றோமே, அதற்குக் கல்லில் பொறித்த சான்று இது.

மேற்குச் சரிவில் அறிவர் கோயில். கூரையிலே தாமரைப் பொய்கை ஓவியம். மீனும் அன்னமும் யானையும் எருமையும் பூக்கொய்யும் ஆடவர் மூவரும். தூண்களில் ஆடல் மகளிர். இக்குடைவரையின் அகமண்டபத்தைப் புதுக்கி, முகமண்டபத்தை எடுப்பித்தவர் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்று அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுப் பாட்டு கூறுகின்றது. பாண்டியன் சீவல்லவன் காலமாகிய ஒன்பதாம் நூற்றாண்டினது அது. இவ்வோவியங்களின் அருமையை உலகம் அறிந்தது எப்போது? கோபிநாத இராவும் புதுவையில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரோயிலும் 1920-ஐ ஒட்டி எழுதிய பின்னரே. அதுவரை ஆடு மேய்ப்போர் மழைக்கு ஒதுங்கும் இடமாகவே அது கிடந்தது.

அங்கிருந்து குடுமியான்மலை. திருநலக்குன்றம் என்பது அதன் பழம்பெயர். மேலைக்கோயில் குடைவரைக்கு அருகே பாறையில் 38 வரியில் வெட்டிய இசைக் கல்வெட்டு உள்ளது. எழுத்து கிரந்தம். ஆயினும் அதன் முடிவில், எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரியன என்னும் கருத்தில் தமிழ்த் தொடரொன்று நிற்கின்றது. வடமொழியில் எழுதியவனும் தன் இசையைக் கையாளப் போகின்றவனுக்கு வேண்டிய குறிப்பைத் தமிழில்தான் சொல்ல வேண்டியிருந்தது! பாடுவோனும் மீட்டுவோனும் எம்மொழியினர் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

மறுநாள் நார்த்தாமலை. மேலமலையின் மீது விசயாலய சோழீச்சரம் மேற்கு நோக்கி நிற்கின்றது. உள்ளே கருவறை வட்டம். புறத்தே சுவர் சதுரம். அங்குள்ள கல்வெட்டு தரும் செய்தி என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது. சாத்தன் பூதி என்பான் எடுப்பித்த கற்றளி மழையால் இடிந்தது. அதனை மல்லன் விடுமன் என்னும் தென்னவன் தமிழதியரையன் புதுக்கினான் என்பதே அது. கட்டியவன் பெயரை மறைத்துத் தன் பெயரை மட்டும் எழுதிக்கொள்ள அவனுக்கு எளிது. எழுதவில்லை. முன்னோன் பெயரை முன்னே நிறுத்தித் தன் பெயரைப் பின்னே வைத்தான். எதிரே உள்ள குடைவரையோ பழியிலி ஈச்சரம். சாத்தன் பழியிலி குடைவித்தான். அவன் மகள் பழியிலி சிறியநங்கை அதற்கு மண்டபம் எடுப்பித்தாள். பழியிலி! குற்றமற்றவன் என்பதை இதனினும் அழகாக ஒரு பெயராக்க இயலுமோ? பதினொரு நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு முத்தரையர் குடியில் தந்தைக்கும் மகளுக்கும் இருந்த பெயர்கள் இவை. இன்று நம் வீட்டுக் குழந்தைகளின் பெயர்களை அப்பாறையில் வெட்டினால் எந்த நாட்டினர் என்று எதிர்காலத்தார் மயங்குவர்!

பிற்பகலில் திருமயம். மறவர் நாட்டுச் சேதுபதி 1687-இல் கட்டிய கோட்டை. குன்றின் அடியில் சிவனுக்கும் திருமாலுக்கும் அடுத்தடுத்து இரு குடைவரைகள். அவ்விரு கோயிலாரிடையே எழுந்த பிணக்கைத் தீர்த்து வைத்த 13-ஆம் நூற்றாண்டுச் செய்தியும் அங்குக் கல்லில் உள்ளது. ஆனால் அதனினும் பெரிய செய்தி ஊர்ப்பெயரே. பழைய பெயர் மெய்யம். ஆழ்வார் பாடியது மெய்யமலையை. அம்மெய்யம் 'சத்தியகிரி' என்று மொழிபெயர்க்கப்பட்டு, மெய்யர் 'சத்தியமூர்த்தி' ஆகி, இன்று மொழிபெயர்ப்பே முதற்பெயர் போலவும் மெய்யம் அதன் திரிபு போலவும் கருதப்படும் நிலை வந்துவிட்டது. ஆனைமங்கலம் இலெய்டன் ஆவதற்குக் கடல் கடக்க வேண்டியிருந்தது. மெய்யம் சத்தியகிரி ஆவதற்கு இருந்த இடத்தை விட்டு அசையவும் வேண்டியிருக்கவில்லை!

இவ்வளவும் கண்டபின், காசில்லை என்பதும் காண ஒன்றுமில்லை என்பதும் பொய்யுரைகள் என்று தெளிந்தோம். ஆயினும் சிலர் கூறும் குறைகளில் உண்மை உண்டு. இவ்விடங்களுக்குப் பேருந்துகள் குறைவு. ஒரு வண்டியைத் தவறவிட்டால் மரத்தடியில் நெடுநேரம் நிற்க வேண்டும். பெண்டிர்க்கு ஒதுங்க இடமில்லாத ஊர்கள் உண்டு. அறிவிப்புப் பலகைகளிலோ 'இது பாதுகாக்கப்பட்ட நினைவிடம். சிதைப்போர் தண்டிக்கப்படுவர்' என்னும் அச்சுறுத்தல் இருக்கின்றதேயன்றி, கல் என்ன பேசுகின்றது என்பது இருப்பதில்லை. எகிப்துக் கல்லின் முன்னே நம் இளைஞன் அரைமணி நேரம் நிற்கக் கரணியம், அதன் கதையை அவன் பள்ளியிலேயே கேட்டிருக்கின்றான். அருகில் விளக்கமும் எழுதப்பட்டிருக்கின்றது. கதை தெரியாத கல்லின் முன்னே எவன் நிற்பான்?

நிற்காதவன் என்ன செய்கின்றான்? கூரிய ஆணியொன்றால் தன் பெயரையும் தன் காதலியின் பெயரையும் ஆங்கில எழுத்தில் கீறிவிட்டு இறங்குகின்றான். இக்கொடுமையை நம் நாட்டுக் குடைவரைகள் எங்கும் காணலாம். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் பெயர் பொறித்தவன் பிறர்க்கு ஒரு படுக்கை செய்து கொடுத்துவிட்டுப் பொறித்தான். இவனோ எவர்க்கும் எதுவும் செய்யாமல் பொறிக்கின்றான். அவனை மட்டும் குற்றம் கூறிப் பயனில்லை. அவ்வெழுத்தைப் படிக்க அவனுக்கு எவரும் கற்பிக்கவில்லை. படிக்கத் தெரியாதவனுக்கு எழுத்தும் வெடிப்பும் ஒன்றே.

கீறுபவனினும் பெரிய பகை வெடிவைப்பவன். இம்மாவட்டத்தில் கல்லுடைப்புக் குழிகளும் சல்லியாலைகளும் ஏராளம். நடுவணரசின் காப்பிலுள்ள நினைவிடங்களைச் சுற்றி 100 மீட்டர் தடைப்பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி என்று 2010-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் கூறுகின்றது. நன்று. ஆனால் எந்தப் பட்டியலிலும் ஏறாத கல்லை எது காக்கும்? கண்மாய்க் கரையில் சாய்ந்து கிடக்கும் நடுகல், வயல் நடுவே புதைந்த எல்லைக்கல், மடையில் பதித்த கல்வெட்டு ஆகியவற்றுக்கு எந்த மீட்டரும் காவல் இல்லை. பொற்பனைக்கோட்டை அருகே தமிழி எழுத்துடைய நடுகல்லொன்று கிடைத்தது. அக்கோட்டையில் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 2023-இல் அகழாய்வைத் தொடங்கிய பின்னரே சங்ககால நகர வாழ்வு வெளிப்பட்டது. காலமெல்லாம் அங்கே ஆடுமாடு மேய்ந்தன. ஊரார் கண்ணில் பட்டதெல்லாம் வெறும் மேடு. அம்மேட்டை எவனாவது மண்ணுக்காக வாரிக்கொண்டு போயிருந்தால் யார் கேட்டிருப்பர்?

மைசூரில் வைக்கப்பட்டிருந்த தமிழ்க் கல்வெட்டுப் படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டுமென்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021-இல் ஆணையிட்டபோது நாம் மகிழ்ந்தோம். மகிழத்தக்கதே. ஆனால் எண்ணிப் பாருங்கள். படிகள் என்பன தாளில் ஒற்றியெடுத்தவை. முதலெழுத்து நம் ஊர்ப் பாறையிலேயே இருக்கின்றது. தாளுக்காக வழக்காடிய நாம், பாறையைக் காண ஒரு பேருந்துச் சீட்டு வாங்கினோமா?

ஆகவே தமிழர்க்கு நான் சொல்ல விழைவன சிலவே.

இளைஞர்களே, ஐரோப்பாவில் நீங்கள் பழகிய சிக்கனத்தையும் நடையையும் இங்கும் கொண்டு வாருங்கள். விடுமுறைக்கு ஊர் வரும்போது ஒரு நண்பனை அழைத்துக்கொள்ளுங்கள். இருவராகச் செல்லுங்கள். தனியாகச் செல்பவன் கண்டதைத் தனக்குள் புதைப்பான். கூட்டமாகச் செல்பவன் கூட்டத்தையே காண்பான். இருவராகச் செல்லும்போதுதான் ஒருவன் படிக்க, மற்றவன் ஐயம் எழுப்ப, கல் பேசத் தொடங்கும். செல்வதற்கு முன் தமிழி எழுத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். பத்து மாலைப்பொழுது போதும். அயல்மொழி ஒன்றின் எழுத்தைக் கற்க நீங்கள் செலவிட்ட நேரத்தில் கால்பங்கு.

ஆசிரியப் பெருமக்களே, மாணவரைச் சறுக்கு விளையாட்டுத் திடல்களுக்கு அழைத்துச் செல்லும் பணத்தில் பாதியில் சித்தன்னவாசலும் திருக்கோகர்ணத்து அருங்காட்சியகமும் கண்டு வரலாம். 1910-இல் தோன்றிய அவ்வருங்காட்சியகத்தில், தொண்டைமான் அரசு வெளியிட்ட அம்மன் காசைக் காட்டி, தமிழ்நாட்டுக் காசில் தெலுங்கெழுத்து பொறிக்கப்பட்டது ஏன் என்று மாணவரை வினவுங்கள். ஒரு காசு ஓராண்டுப் பாடத்தைக் கற்பிக்கும். அவ்வூரிலேயே தனியார் முயற்சியால் வளர்ந்த ஞானாலயா ஆய்வு நூலகத்தின் வாயிலையும் காட்டுங்கள். பெயர் வடசொல்லாயினும் உள்ளே குவிந்திருப்பது தமிழ்.

ஆட்சியாளரிடம் கேட்பது இரண்டே. கல்வெட்டு உள்ள ஒவ்வோரிடத்திலும் அதன் வாசகத்தையும் பொருளையும் தமிழில் பலகையிட்டு எழுதுக. காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக இவ்விடங்களை இணைத்து ஒரு பேருந்து விடுக. இவற்றுக்குப் பெருந்தொகை வேண்டா, மனம் வேண்டும்.

ஊர்ப் பெரியோரே, உங்கள் கண்மாய்க் கரையில் எழுத்துள்ள கல் கிடந்தால் அதன்மேல் துணி துவைப்பதை நிறுத்தி, ஊர்ப்பள்ளி ஆசிரியரை அழைத்துக் காட்டுங்கள். அவர் தொல்லியல் துறைக்கு எழுதட்டும். ஒரு கல்லைப் பத்துப்பேர் பார்த்துவிட்டனர் என்று தெரிந்தால் வெடிவைப்பவன் தயங்குவான். பார்க்க ஆளில்லாத கல்லே முதலில் உடைகின்றது.

மழையால் இடிந்ததை மல்லன் விடுமன் புதுக்கினான். வெடியால் பொடியானதை எவராலும் புதுக்க இயலாது. வரும் முன்பனிக்குள் ஒரு நண்பனைத் தேடுங்கள், ஒரு நாளைக் குறியுங்கள், கட்டுச்சோற்றோடு புறப்படுங்கள்!